பஞ்சுச் சந்தை வாசலில் அணைந்த திரி குறித்த திருமுகம்

கார் தவறாத ஏழு ஏரிக்கும், அவ்வேரிக் கரைகளில் கதவு தாழிடாது உறங்கும் குடிகளுக்கும் காவல் பூண்ட குவளைநாட்டு அரசி திருவளர் நாச்சியார், வடவெல்லைக் கோட்டைத் தளவாய் வயிரமுடியாருக்கு எழுதுவித்த திருமுகம். உமது எல்லையில் பயிரும் கன்றும் பெருகுக. மதில் உறுதி குன்றாதிருக்க. இவ்வாழ்த்து உமது எல்லைக்கு. உமக்கு உரியது இனி வருகிறது.

நீர் விடுத்த ஓலை நேற்று வந்தது. பஞ்சுச் சந்தை வாசலில் சடைச்சி என்பாள் படைவீரர் ஒருவரின் துப்பாக்கி மேல் கைவைத்தாள் என்றும், அரசாயுதத்தைத் தீண்டிய கை தண்டனைக்குரியது என்றும், அவளைக் கட்டி உம்மிடம் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். மும்முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம், எங்கேனும் வெட்கம் ஒட்டியிருக்கிறதா என்று. இல்லை.

அந்தப் படைவீரர் யார் என்று நீர் எழுதவில்லை. சந்தையில் நின்ற நாற்பது பேர் சொன்னார்கள். நீரே.

எரியும் கயிற்றுத் திரியால் வெடிக்கும் திரித்துப்பாக்கி இந்நாட்டுக்கு வந்த அன்றே வகுத்த முறை ஒன்று உண்டு. அதனை ஏந்தி ஊர்ப் பொதுவிடத்தில் நுழைகிறவர் எவராயினும், குழல்வாயைத் தரை நோக்கித் தாழ்த்தி, கனலும் திரியை வாசல் தொட்டியில் நனைத்து அணைத்த பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். நம்மை மணக்க வந்த மன்னர், மணமாலையோடு குனிந்து இதைச் செய்தார். அதனால் அவர் மதிப்பு ஒரு சாண் குறைந்ததாக நாம் அறியோம்.

நனைந்த திரி உலர இரண்டு நாளாகும், அதற்குள் பகை வந்தால் என் செய்வது என்று கேட்டிருக்கிறீர். பஞ்சுப் பொதிக்குள் எந்தப் பகைவன் ஐயா ஒளிந்திருந்தான்? துப்பாக்கியைக் கண்டு குடிகள் விலகிக் கும்பிட்டார்கள் என்று பெருமையும் பேசியிருக்கிறீர். அவர்கள் பார்த்தது உமது முகத்தையன்று, உமது தோளோரம் கனன்ற நெருப்பை. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஞ்சுப் பொதிகளின் பின்னே ஒளிந்தார்களாம். பொறி விழுந்தால் முதலில் எரியும் இடம் அதுதானே! அச்சம் புத்தியை அப்படித்தான் தின்னும். அதையா மரியாதை என்கிறீர்?

சடைச்சி பதினோராண்டாய்ச் சந்தை நாளில் அத்தொட்டியைக் காப்பவள்; மற்ற நாளில் நூல் நூற்று மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுபவள். அவள் உம்மை மறித்துச் சொன்னதைச் சாட்சிகள் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்: “சாமி, பஞ்சுக்குத் தளவாயி யாரு, தலையாரி யாருன்னு தெரியாது. திரியை நனைச்சிட்டு உள்ள போங்க.”

உம் ஆட்கள் நகைக்க, நீர் சொன்னது: “தண்ணிக்கெல்லாம் என் திரி அணையாது புள்ள. உனக்குக் கை இருக்குல்ல, அதால அணை.”

அணைத்தாள். வலக்கையால் பொத்திப் பிடித்தவள், புகை அடங்கும்வரை விடவில்லை. அந்தக் கையை நாம் நேற்றுக் கண்ணால் பார்த்தோம். புண் ஆறும், ஆனால் அது மறுபடி இராட்டை பிடிப்பது ஐயமே என்றார் மருத்துவர். நீர் தண்டிக்கக் கேட்பது அந்தக் கையை.

ஆதலின் நம் கட்டளை இது. சடைச்சி எங்கும் அனுப்பப்படாள். வரும் சந்தை நாளில் நீர் பல்லக்கும் கொம்பொலியும் இன்றி நடந்து வந்து, குழல்வாய் தாழ்த்தி, அவள் முன் குனிந்து திரியை நனைப்பீர். அவள் போதும் என்னும்வரை நிமிரமாட்டீர். அவள் கை ஆறுமட்டும் அத்தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பது உமது தோள். அவள் பிள்ளைகள் உண்பது உமது களத்து நெல். இயலாதெனில் கோட்டைச் சாவியை இவ்வோலை கொணர்ந்தவரிடம் கொடுத்துவிடும். உமக்கு முதல் வாளை இடுப்பில் கட்டிய நம் கை, அதை அவிழ்க்கவும் அறியும்.

இது நம் வாய்ச்சொல். இதன்கீழ் ஏழேரி இலச்சினை பதித்தோம்.

இவ்வோலையைக் கட்டியிருப்பது வழக்கமான பட்டுக்கயிறன்று. சந்தை வாசலில் அவள் கையில் அணைந்து, அக்கையோடு அறுந்து வந்த உமது திரி. அவிழ்க்கையில் விரலில் கரி ஒட்டும். கழுவாமல் வாரும்.