இன்னும் சோதித்து முடியாத வெல்டிங் மெஷின்

நேற்று மாலை போட்டிருந்த சட்டையை இன்று காலை ஊறவைக்க எடுத்தேன். கருகிய இரும்பு வாசனை இன்னும் போகவில்லை. நீ இருந்திருந்தால் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னாங்க, எங்க போயி தீ வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டிருப்பாய். தீ வைக்கவில்லை. வெல்டிங் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. வாங்கிவிட்டேன் என்று முழுதாகச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் பொழுதுபோக்குக்கு என்றுதான் சொன்னேன். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற மனுஷன், பூச்சட்டி ஸ்டாண்ட் செய்து பழகப் போகிறேன் என்றேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். உன்னைப் புதைத்த மேட்டுக்கு மேலே காடு. போன மழையில் காட்டுப்பன்றிகள் இறங்கிவந்து, உனக்குப் பக்கத்தில் இருக்கும் குழியைக் கிளறிவிட்டன. உன் தலைமாட்டில் நான் நட்ட குரோட்டன் செடியும் சாய்ந்து கிடந்தது. அடுத்த மழைக்குள் உன்னைச் சுற்றி இரும்பு வேலி போட்டாக வேண்டும். டவுனில் வெல்டிங் செய்கிறவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மெல்லிய குழாயை வைத்து, வெளியே தெரிகிற பக்கத்தை மட்டும் ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பன்றிக்குத் தெரிந்துவிடும். அதனால் தெரிந்த ஒருவரின் காரேஜில் சில ஞாயிற்றுக்கிழமைகள் நின்று, நானே ஒட்டப் பழகிக்கொண்டேன்.

என் சந்தேகம் உனக்குப் புதிதில்லை. தேயிலைத் தொழிற்சாலை கேட்டில் வாட்ச்சராக நின்றவன் நான். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் தட்டி, சாப்பாட்டுக் கூடையைத் திறந்து, தூள் கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நீ திரும்பும்போது உன் கூடையையும் திறந்து பார்த்தேன். "நல்லாப் பாருங்க, அடியில ஒங்க மாமியாரும் இருக்காங்க" என்றாய். கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயோ யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். நம் இரண்டு பேரையும் எப்படித்தான் சேர்த்து வைத்தார்களோ.

பெல்மதுளைக்குப் போய் ரைஸ் குக்கர் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? கடையில் பிளக்கைச் செருகியதும் சூடு ஏறியது. உனக்கு அது போதும். வீட்டில் அந்தி நேரம் போட்டோம். ஒரே வயரில் வரிசையாகத் தொங்குகிற லயத்து வீடுகளில் எல்லாம் கரண்டுக் கேத்தலும் டீவியும் ஓடுகிற வேளை. கடைசி வீடான நம் வீட்டில் பல்ப் மங்கிப்போய், அரிசி வேகாமல் வெந்நீரில் கிடந்தது. நான் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். நீ விறகடுப்பை ஊதிக்கொண்டே, "அவன எதுக்கு ஏசுறீங்க? கரண்டு நம்ம வீட்டுக்கு வர்றதுக்குள்ள களைச்சுப் போயிருது" என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. 

அந்தக் குக்கரை மனதில் வைத்துக்கொண்டுதான் நேற்றுக் காலை கடைக்குப் போனேன். நம் லயத்தில் த்ரீவீல் ஓட்டுகிற குமாரும் கூடவே வந்தான். கடை முதலாளி இரண்டு வகை காட்டினார். ஒன்று பழைய மாதிரி, உள்ளே கம்பி சுற்றிய பாரமான பெட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். கரண்டையும் அப்படியே குடிக்கும். மற்றது இன்வர்ட்டர் மெஷின், கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். அவ்வளவு இலேசான பெட்டியின் முகப்பில் அவ்வளவு பெரிய எண்ணைப் போட்டிருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையில் எத்தனை அம்பியர் வரும் என்று கேட்டேன். எழுதியிருக்கிறதுதான் என்றார். நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஒட்டலாம் என்றேன். நாள் முழுக்க ஒட்டலாம் என்றார். இடையிடையே ஆறவிட வேண்டும் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை விரலால் காட்டினேன். அட்டைப் பெட்டியில் டேப் ஏன் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறது, யாராவது திருப்பிக் கொடுத்த சாமானா என்றும் கேட்டேன். "ஐயே, விஸ்வாச கரன்ன" என்றார், அண்ணே நம்புங்கள் என்று. நம்பச் சொல்கிற கடைக்காரரைத்தான் நான் நம்புவதே இல்லை.

கடையிலேயே வெல்டிங் குச்சியை இரும்பில் உரசிக் காட்டினார். அருமையாக எரிந்தது. டவுன் கரண்டில் எதுதான் எரியாது? அந்தி நேரத்தில் எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் எரிந்தால்தான் எடுப்பேன் என்று சிங்களத்தில் சொன்னேன். இப்போது சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. பொழுதுபோக்குக்கு வாங்குகிற ஆள் இவ்வளவு கேட்பானா? இந்தப் பக்கத்தில் சிலர் செய்வதுபோல் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் குழி ஏதும் தோண்டப் போகிறேனோ என்று மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். பெண்சாதியின் குழிக்கு வேலி, மெஷின் பாதியில் செத்துவிட்டால் பன்றிக்கு வாசல் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றேன். அவர் மெஷினைத் தன் கையாலேயே பெட்டியில் வைத்துக் குமாரிடம் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பாருங்கள், சரியில்லை என்றால் கொண்டுவாருங்கள், காசை அப்புறம் பார்ப்போம் என்றார். காசு வாங்காமல் சாமான் கொடுக்கிற முதலாளியா? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வேண்டுமென்றே அந்தி வரைக்கும் காத்திருந்தேன். எல்லா வீட்டிலும் கேத்தல் கொதிக்கிற நேரம் வரட்டும் என்று இருந்தேன். வாசலில் இரும்புத் துண்டுகளை அடுக்கி, எர்த் வயரைக் கவ்வவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு குச்சியை உரசினேன். முதலில் ஒட்டிக்கொண்டது. இழுத்தெடுத்து மறுபடி உரசினேன். அப்புறம் எரிந்தது பார், சீராக, ஒரே சத்தத்தில், நான் கை எடுக்கும் வரைக்கும். எனக்கே நம்ப முடியவில்லை. முகமூடியைத் தூக்கினேன். லயம் முழுக்க இருட்டு.

எல்லார் வீட்டுக் கரண்டையும் சுட்டுவிட்டேனோ என்று வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் நம் வீட்டு பல்ப் மட்டும் என்றைக்கும் இல்லாத வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவரவர் வாசலில் எல்லாரும் நின்றார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாதான் பேசினாள்.

"ஒண்ணும் ஆகலண்ணே. நாங்கதான் எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சிருக்கோம். குமாரு சொல்லிட்டான். நீங்க அக்காவுக்கு வேலிய அடிங்க."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "யாரு நிப்பாட்டச் சொன்னா? கேத்தலப் போடுங்க, டீவியப் போடுங்க! மெஷினு நல்லதா கெட்டதான்னு நான் எப்புடிப் பாக்குறது?" என்று கத்தினேன்.

"வேல முடியிற வரைக்கும் அந்தியில இப்படித்தான் நிப்பாட்டுவோம். கத்தாம ஒட்டுங்க" என்றாள். ஒருவரும் உள்ளே போகவில்லை. நானும் முகமூடியை இறக்கிக்கொண்டேன். அதற்குள்ளேயே நன்றாக அழுதேன். அதனால் அடுத்த ஒட்டு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. அதை அறுத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

மெஷின் நல்லதா, யாரோ திருப்பிக் கொடுத்ததா, இனி எனக்குத் தெரியப் போவதில்லை. வேலி எப்படியும் முடிந்துவிடும். காசோடு முதலாளியிடம் போக வேண்டியதுதான். ஆனால் விடிந்ததிலிருந்து வேறொன்றுதான் மனதில் ஓடுகிறது. சமைக்கிற நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு நிற்பதில் இவர்களுக்கு என்ன இலாபம்? ஒவ்வொரு வீடாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. உன்மேல் இருந்த பிரியத்தால்தான் நின்றார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்காகவும் கொஞ்சம் நின்றிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. இந்த ஒரு சந்தேகத்தை மட்டும் யாரிடமும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன்.