இடது முன்சக்கரம்

நாள் 211, காலை 08:10

பணிமனைப் பதிவு. இடம்: செவ்வாய், வடபள்ளத்தாக்கு. எழுதுபவர்: வாகனப் பொறியாளர் தெய்வானை. வெளியே மைனஸ் அறுபத்திரண்டு. புழுதி குறைவு. மின்கலங்கள் நிறைந்திருக்கின்றன. வண்டிகள்: ஒன்று. ஓடும் நிலையில் உள்ளவை: இல்லை.

இடது முன்சக்கரத்தை ஸ்பிரிங்போல் தாங்கும் முறுக்குத் தண்டு நேற்று முறிந்தது. பள்ளத்தில் இல்லை, பாறையில் இல்லை. பணிமனை வாசலில், சமதரையில். இந்தத் தண்டு வண்டியைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று சான்றளித்த மேதைகள் மேலே சுற்றுநிலையத்தில் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட கையால் ஒரு நட்டைத் திருகியவர் இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

மாற்றுத் தண்டு கையிருப்பில் இல்லை. அடுத்த சரக்குக் கலம் வரப் பல மாதங்கள் ஆகும். இதைப் பின்னால் படிப்பவர் யாராயிருந்தாலும், திட்டமிட்டவர்களின் தரத்தை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நாள் 211, பகல் 13:40

சவரிராயன் அழைத்தான். நிலவியலாளன். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் வடக்கே, துளையிடும் முகாமில் தனியாக இருக்கிறான். தூத்துக்குடிக்காரன். கல்லுக்கெல்லாம் பெயர் வைப்பான். திறந்த அலைவரிசையில் பாடுவான். சுருதி என்று ஒன்று உண்டென்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"யக்கா, ஒங்க வண்டி படுத்துட்டாமே? அந்தப் புது ஷாக்க மாட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். பொட்டிய பிரிச்சுக்கூட பாக்கலியே நீங்க!"

அவன் சொல்லும் பெட்டி என் மேசைக்கடியில் கிடக்கிறது. கால் வைக்க வசதியாக இருக்கிறது. இந்த வண்டியில் ஏறினால் முதுகு வலிக்கிறது என்று சுற்றுநிலையத்தில் அழுது அவன் வரவழைத்த சாமான். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங்கும் இருக்கும் ஒரே கட்டு. காயிலோவர் என்பார்கள். நம் வண்டிக்கென்று செய்ததல்ல. நிலாவில் உல்லாசப் பயணிகளைக் குதிக்கவைத்துக் காசு பார்க்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. பொம்மைக் கடைச் சரக்கு.

மாட்டமாட்டேன் என்றேன்.

நாள் 212, காலை 09:05

சவரியின் அழைப்பு. இன்று பாடவில்லை.

"யக்கா, ஒரு சின்ன விசயம். காத்து சுத்தம் பண்ணுற மிசினு இருமுது. ரெண்டு வடிகட்டி போயிட்டு. மூணாவதும் சொணங்குது. ரொம்ப நாள் ஓடாதுன்னு நெனைக்கேன்."

வாடகை வீட்டில் குழாய் ஒழுகுவதைச் சொல்லும் குரலில் சொன்னான்.

அவனை அங்கே இறக்கிவிட்ட தாவுகலத்தில் எரிபொருள் இல்லை. மிச்சம் இருப்பது என் வண்டி. சுற்றுநிலையத்தைக் கூப்பிட்டேன். மேற்பார்வையாளர் முகுந்தன் லைனில் வந்தார்.

"மேடம், அந்த கிட் நம்ம அப்ரூவ் பண்ண பார்ட் கிடையாது. நாளைக்கு கமிட்டி கூடுது. அதுவரைக்கும் வண்டிய தொடாதீங்க, ப்ளீஸ். ரிஸ்க் யாரு எடுத்துக்கறதுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல?"

"மூச்சு விடுறத கமிட்டி கூடுற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமா அவனை?"

"நீங்க எப்பவும் இப்படித்தான் பேசுவீங்க."

அணைத்துவிட்டேன். பெட்டியைப் பிரித்தேன்.

நாள் 212, மாலை 16:20

பெட்டியில் இருந்தவை: நான்கு காயிலோவர்கள், ஆரஞ்சு நிறத்தில். போல்ட்டுகள். நான்கு நைலான் வார்கள். வண்டியில் ஒட்டிக்கொள்ள நெருப்பு படம் போட்ட ஸ்டிக்கர்கள். ஒரு கையேடு. முதல் வரி: "வாழ்த்துகள்! உங்கள் சாகசம் இங்கே தொடங்குகிறது!" எழுதியவனை இங்கே கொண்டுவந்து வெளியே ஒருமணி நேரம் நிறுத்த வேண்டும்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்துக்குக் கையேட்டில் இரண்டு அட்டவணைகள்: பூமிக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று. செவ்வாய்க்கு இல்லை. இங்கே உல்லாசப் பயணி எவனும் வரமாட்டான் என்ற கணக்கு. பூமி அளவில் வைத்தால் வண்டி மரக்கட்டை மாதிரி நிற்கும். நிலா அளவில் வைத்தால் வயிறு தரையில் தேயும். நானே கணக்குப் போட்டேன். அரைப் பக்கம். இதைச் செய்ய ஒரு நிறுவனத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

பின்சக்கரங்களை முடித்தாயிற்று. பழைய ஷாக்கைக் கழற்ற வெப்பமூட்டி தேவைப்பட்டது. புதியது மேல்தாங்கியில் சரியாக உட்கார்ந்தது. ஆச்சரியம்தான். குருட்டு அதிர்ஷ்டம் என்று குறித்துக்கொள்கிறேன்.

நாள் 213, பகல் 12:30

முன்பக்கமும் முடிந்தது. இடது பக்கம் முறிந்த தண்டை அறுத்தெடுத்தேன். வலது பக்கத்தையும் கழற்றி எறிந்தேன். கீழ்ப்போல்ட், மேலே மூன்று நட்டு, உயரம் சரிசெய்யும் வளையம், அதன்மேல் பூட்டுவளையம். முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. சக்கரம் முன்பைவிட நிறையக் கீழே தொங்கும்.

அப்படித் தொங்கும்போது ஷாக் முழுதாக இழுபடாமல் தடுக்கத்தான் அந்த நைலான் வார்களாம். கையேடு சிவப்பு எழுத்தில் கத்துகிறது. நாய்க்குட்டியைக் கட்டும் வார்கள் மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கட்ட வண்டிச் சட்டத்தில் புதிதாகத் துளையிட வேண்டும், இரண்டு நாள் வேலை. இரண்டு நாள் சவரியிடம் இல்லை. வார்களைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். ஸ்டிக்கர்களோடு சேர்ந்து கிடக்கட்டும்.

சவரி: "யக்கா, மாட்டிட்டியளா? எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்."

நாள் 213, மாலை 15:50

பணிமனையைச் சுற்றி மூன்று சுற்று ஓட்டினேன். கற்களின் மேல் ஏற்றினேன். ஸ்டியரிங் நடுங்கவில்லை. என் பற்கள் தாளம் போடவில்லை. இதை முகுந்தனிடம் சொல்லப்போவதில்லை. சவரியிடமும்தான்.

ஒரு குறை: ஷாக்கின் ரப்பர் சீல் இரவுக் குளிரைத் தாங்காது. பகலிலேயே போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும்.

நாள் 214, காலை 07:15

புறப்பாடு. சுற்றுநிலையத்திலிருந்து: "மேடம், கமிட்டி இன்னும் முடிவு எடுக்கல. நீங்க கிளம்பினா அது உங்க சொந்தப் பொறுப்பு."

என் பொறுப்பு எப்போது அடுத்தவருடையதாக இருந்தது?

நாள் 214, காலை 10:40

முப்பது கிலோமீட்டர் தாண்டியாயிற்று. சவரி வழி சொல்லிக்கொண்டே வருகிறான். மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறான். அப்படியும் வாயை மூடவில்லை.

"வலப்பக்கம் ஒரு கருப்புப் பாறை வரும்... அதுக்கு நான் சம்பந்தின்னு பேரு வச்சிருக்கேன்... எந்நேரமும் முறைச்சிக்கிட்டே நிக்கும்..."

"வழியை மட்டும் சொல்லு."

"அதத் தாண்டுனா ஒரு வாய்க்கா... பாத்து எறங்குங்க..."

நாள் 214, காலை 11:10

வாய்க்காலில் இறங்கியபோது இடது முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. முழு நீளத்துக்கு இழுபட்ட ஷாக் ஒரு குலுக்கலில் கீழ்ப்போல்ட்டை வெட்டிவிட்டது. எதிர்க்கரை ஏறியதும் அந்த மூலை சரிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் செருகிக்கொண்டது. வண்டி நகரவில்லை.

வார்களைக் கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. எழுதிவிட்டேன். போதும்.

ஷாக்குக்குச் சேதம் இல்லை. மாற்றுப் போல்ட் இருக்கிறது. மூலையைத் தூக்கி, ஷாக்கின் கீழ்முனைத் துளையைத் தாங்கியின் துளைக்கு நேராகக் கொண்டுவந்து போல்ட்டைச் செருகினால் முடிந்தது. பத்து நிமிட வேலை.

நாள் 214, பகல் 12:05

ஜாக்கி மணலில் புதைகிறது. அடியில் தட்டைக்கல் வைத்தேன். கல் பிளந்து, ஜாக்கியின் திருகு வளைந்தது. இந்த ஜாக்கியைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

இங்கே எடை குறைவு. ஒரு ஆள் முக்கினால் மூலை எழும். நானே தூக்கினேன். ஆனால் தூக்கிப் பிடிக்கவும் அடியில் படுத்து போல்ட் போடவும் நான் இரண்டு பேர் இல்லை.

சவரியிடம் சொன்னேன்.

"யக்கா, ஒங்க எடத்துக்கு ரெண்டு மணி நேரம் நடக்கணும். என் உடுப்பு டாங்கில மூணு மணி நேரத்துக்கு காத்து கெடக்கு. நான் வாரேன்."

"அங்கேயே இரு. நான் வேற வழி பாக்குறேன்."

"என்ன வழி?"

வளைந்த திருகைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

"மிசினு காலையிலயே நின்னுட்டுக்கா. இங்கன இருந்து நான் என்ன செய்ய? கெளம்பிட்டேன்."

நாள் 214, பகல் 14:20

வந்துவிட்டான். சரிவில் தள்ளாடி இறங்கியபோது குடிகாரனைப் போல் இருந்தான். உடை முழுக்கச் சிவப்புப் புழுதி. மார்பிலிருக்கும் காற்றுமானியும் தெரியவில்லை. இரண்டு தடவை விழுந்தானாம்.

வண்டியின் அறைக்குள் காற்றை இன்னும் ஒருமுறைதான் நிரப்ப முடியும். அவனை இப்போது ஏற்றினால், தூக்கிப்பிடிக்க மறுபடி அவன் இறங்கும்போது அது வீணாகும். முதலில் வேலை. பிறகு இருவரும் ஒன்றாக ஏற வேண்டும். "காத்து எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"அரை மணி நேரம் தாராளமா இருக்கு. பேசிக்கிட்டு நிக்காம அடியில போங்க."

இந்தப் பதிவை அடியில் படுத்தபடி குரலில் சொல்கிறேன். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் விட்டு பம்பரைக் கோத்துத் தூக்குகிறான். மூலை எழுகிறது. இன்னும். இன்னும் கொஞ்சம்.

அலைவரிசை திறந்திருக்கிறது. அவன் சொன்னவை அப்படியே பதிவாகட்டும்.

"யக்கா, கை, இடுப்பு, முட்டி எல்லாத்தையும் உடுப்பிலயே பூட்டிட்டேன். இனி நான் மயங்குனாலும் வண்டி ஒங்க மேல விழாது."

"மயங்குற வேலையெல்லாம் வச்சுக்காதே. துளை நேரா வரல. ஒரு விரல் மேல தூக்கு."

"பூட்டிட்டேன்லா... கால் விரல ஊணி எக்குதேன்... வந்துட்டா?"

"வந்துடுச்சு. அசையாதே."

"அசைய முடியாதுக்கா." சிரித்தான். "யக்கா, ஒண்ணு கேக்கணும்... ஒங்களுக்கு எந்த ஆளையாவது... பிடிச்சிருக்கா? ஒரு தடவையாவது?"

"ஸ்பேனரைப் பிடிக்கும்."

"அதுவும்... சரிதான்..."

போல்ட் உள்ளே போய்விட்டது. நட்டு பிடிக்கிறது. இறுக்குகிறேன். எடை ஸ்பிரிங்கில் உட்கார்ந்துவிட்டது. முடிந்தது. சவரி, விடு. முடிஞ்சுதுடா, கையை எடு. ஏறு.

சவரி.

நாள் 214, பகல் 14:55

அவன் மார்புமானியைத் துடைத்துப் பார்த்தேன். பூஜ்யம். அரை மணி நேரம் இல்லை. அவன் சரிவில் இறங்கியபோதே ஏறத்தாழ ஒன்றுமில்லை. முகாமில் இயந்திரம் நின்றபின் அந்த டாங்கியிலிருந்துதான் மூச்சு விட்டிருக்கிறான். மூன்று மணி நேரம் என்றது பொய்.

மூட்டுப் பூட்டைத் திறக்கும் விசை உடைக்குள்ளே, தாடைக்கடியில் இருக்கிறது. அணிந்தவர் மட்டும்தான் திறக்க முடியும். பாதுகாப்புக்காக. அதை வடிவமைத்தவர்களின் பெயர் எனக்குத் தெரியும். ஒவ்வொருவராகச் சொல்லித் திட்டினேன். இந்தக் கோலத்தில் கதவு வழியாக அவனை உள்ளே நுழைக்க முடியாது. கூரையில் ஏற்றப் பார்த்தேன். பூட்ஸ் கணுக்கால்வரை மணலில் புதைந்திருக்கிறது. கைகளால் தோண்டினேன். என் உடையின் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. இன்னும் தோண்டினேன். இரண்டாவது மணியும் அடித்தது.

ஏறிவிட்டேன். வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்தேன். பம்பர் அவன் விரல்களிலிருந்து நழுவியது. அவன் விழவில்லை.

நாள் 214, மாலை 18:30

பணிமனை. வந்து சேர்ந்தேன். வழியில் எதுவும் உடையவில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டர் இருட்டிவிட்டது.

நாள் 215, காலை 08:00

சீல்கள் நான்கும் குளிரில் வெடித்துவிட்டன. ஷாக் எண்ணெய் முழுக்கத் தரையில். வண்டியை இனி எடுக்க முடியாது. அவனை எடுத்துவர முடியாது.

முகுந்தன்: "மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. கமிட்டில எல்லாரும் எழுந்து நின்னாங்க. வந்து... உங்க வண்டி கேமராவுல அவர் நிக்கற மாதிரி படம் ஏதாவது இருக்குமா? ஒரு நினைவுச் சின்னம் மாதிரி செய்யலாம்னு ஒரு யோசனை..."

கேமராப் பதிவுகள் அனைத்தையும் அழித்துவிட்டு, இல்லை என்று பதில் சொன்னேன்.

நாள் 217

வருபவர்களுக்கு. கருப்புப் பாறையைத் தாண்டிய வாய்க்காலின் வடகரையில் ஒருவன் நிற்கிறான். முட்டி லேசாக மடங்கியிருக்கும், கைகள் பின்னால் கோத்திருக்கும். குழந்தையை உப்புமூட்டை தூக்கக் குனிந்தவன் போல இருப்பான். பயப்படாதீர்கள். பக்கத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். அந்தக் கைகளில் எதையும் வைக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். பெயர் சவரிராயன். படிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

அவன் உடையின் வானொலி அணையவில்லை. தலைக்கவசத்துக்குள் விசிறி இன்னும் சுற்றுகிறது. மூன்று நாட்களாக அந்த ஓசை இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது. நானும் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறேன். என்ன பேசினேன் என்பது பதிவுக்குத் தேவையில்லை.

முகுந்தன் அழைக்கிறார். குறுக்கே வராதீர்கள் என்றேன். மறுபடி அழைக்கிறார். மேலேயிருக்கிற ஒருத்தனுக்கும் வாயை மூடத் தெரியாது. விசிறி நின்றுவிடும்போல் மெதுவாகச் சுற்றுகிறது, அவர்கள் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவி—