அடப்பங்கொடிக்கு உப்புத் தண்ணீர்

அன்புள்ள மகன் முருகவேலுக்கு, அம்மா சாமியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். ஆடுகளும் நலம், தேவைக்கு மேலேயே நலம். அங்கே நீயும் நர்மதாவும், நீங்கள் காவல் காக்கிற ஆமை முட்டைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் சிக்னலுக்குப் பாறை மேல் ஏறி நின்று கத்த வேண்டும், ஊரே கேட்கும். இது ஊர் கேட்கக் கூடாத சமாச்சாரம்.

பொங்கலுக்கு வந்தபோது, நர்மதா கொடுத்தனுப்பினாள் என்று கடற்கரையிலிருந்து ஒரு அடப்பங்கொடியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாய். கடலோரத்துப் பெண் இந்த மலையில் எப்படிக் குடித்தனம் பண்ணுவாள் என்று முறைத்துக்கொண்டிருந்த உன் அப்பா, முதலில் இந்தக் கொடி இங்கே பிழைக்கட்டும், அப்புறம் கல்யாணப் பேச்சை எடு என்று சொல்லிவிட்டார். நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டாய், மாட்டிக்கொண்டது நான். அந்த வாரமே இலை வாடிப்போனது. கடல் ஞாபகம் போல என்று நினைத்து, அவர் மரவள்ளிக் கொல்லைக்குப் போனதும் தினமும் வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து ஊற்றினேன். கொடி பிழைத்துக்கொண்டது. மலை ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பதுதான் என் புத்தியில் படவில்லை. முதலில் நம் ஆடு, அப்புறம் பக்கத்து வீட்டு அம்சவள்ளியின் ஆடு, இப்போது ஊரில் உள்ள ஆடெல்லாம் விடிந்ததும் நம் வாசலில்தான். கொடியைத் தொடுவதில்லை, மண்ணைத்தான் நக்குகின்றன, வாசலே பள்ளமாகிவிட்டது. அம்சவள்ளி அந்த இலையைப் புரட்டிப் பார்த்தாள். அது ஆட்டுக் குளம்பு மாதிரியே இரண்டாகப் பிளந்திருக்கிறதா, உடனே இது ஆட்டை இழுக்கிற வசியக் கொடி என்று கிளப்பிவிட்டாள். ஊர்ப் பெரியவர் பூமாலை கச்சிராயபாளையம் சந்தைக்கு ஓட்டிப்போன கிடாய் பாதி வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு நம் வாசலுக்கே திரும்பி வந்ததும் ஊர் கூடிவிட்டது.

பூமாலை என்னைப் பார்த்து, “இன்னாம்மா இது, வூட்டு வாசல்ல வசியத்த நட்டு வச்சிக்கினு கீற, புடுங்கிப் போடு” என்றார். உப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீரும். ஆனால் உப்பு ஊற்றி வளர்த்தது செல்லாது என்று உன் அப்பா சொல்லிவிட்டால் உன் கல்யாணம் என்ன ஆவது. எனக்கு அழுகைதான் வந்தது. அப்போது உன் அப்பா கோலோடு கொடிக்கு முன்னால் போய் நின்று, “என் மருமவ குடுத்தனுப்புன கொடி இது, எவன் கைய வைக்கிறான்னு பாக்குறேன்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நீ அங்கே ஆமை முட்டையை நாயிடமிருந்து காக்கிறாய், இவர் இங்கே கொடியைக் காக்கிறார். நேற்று ஊதா நிறத்தில் ஒரு பூ பூத்திருக்கிறது.

சித்திரையில் நர்மதாவைக் கூட்டிக்கொண்டு வா. நண்டு வளை இருக்கிற மணலில் செருப்பில்லாமல் நடக்காதே, கடல் காற்றுக்குக் காதைக் கட்டிக்கொள். நீங்கள் இருவரும் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க நம் மலைச் சாமி துணை நிற்கட்டும். வரும்போது மறக்காமல் உப்பு வாங்கி வா, பானை காலி. நான் எடுத்தது தினம் ஒரு கைப்பிடிதான், எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று புரியாமல் இருந்தேன். இன்று காலை துவைக்க எடுத்த உன் அப்பாவின் வேட்டியை உதறினேன், மடியிலிருந்து கல் உப்பு கொட்டியது. அதைக் கூட்டி அள்ளி, கொடிக்கு ஊற்றுகிற வாளியிலேயே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சாமியம்மாள்