மெற்றில்டா செய்யாத கொலை

வெள்ளவத்தை
12.05.1997

அன்பின் ஐறீனுக்கு,

உமக்கு நூறு முறை நன்றி. பால் விடாத பிளேன்ரீயில் நஞ்சு குடித்துப் பதினோராம் அத்தியாயத்தில் செத்துப்போன நகைக்கடை முதலாளி, பதின்மூன்றாம் அத்தியாயத்தில் எழும்பி வெற்றிலை போடுகிறார்! நீர் அதைக் கண்டிராவிட்டால் வாசகர்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். 'வேங்கைநாதன்' என்ற ஆம்பிளைப் பெயரில் பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் துப்பறியும் தொடர்கதை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற உம்முடைய கண் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். இன்னும் நேரில் சந்திக்காமல் இருக்கிறோமே என்பதுதான் குறை.

இன்ஷுரன்ஸ் கந்தோரில் வேலை முடிந்தபிறகு மூன்று பின்னேரம் மருதானை ஸ்ரேசனில் நின்றேன். கோச்சி வருகிற நேரம், காவல்காரர் மாறுகிற நேரம், கதையில் கொலைகாரன் நகைப் பையை வைக்கிற இடம், எல்லாவற்றையும் கொப்பியில் படம் கீறிக் குறித்திருக்கிறேன். கண்ணால் காணாததை எழுத எனக்கு வராது.

முழங்கால் நோ எப்படி? பிளேன்ரீயைக் குறையும்.

அன்புடன்,
பத்மாவதி


கொட்டாஞ்சேனை
16.05.1997

அன்புள்ள பத்மாக்காவுக்கு,

மாதாவே! உங்களுக்கு விசரா அக்கா? யாழ்ப்பாணத்து அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில் ஸ்ரேசனைப் படம் கீறுவார்களா? அந்தக் கொப்பியை இன்றைக்கே அடுப்பில் போடுங்கள். உங்கள் துப்பறிவாளர் நாகேந்திரம் வந்து உங்களைக் காப்பாற்றப் போவதில்லை.

அச்சுக் கோத்து முடிந்த கையெழுத்துத் தாள்களை ஆணியில் குத்திவைத்து, மாதமுடிவில் கச்சான் கடலை சுருட்டக் கொடுப்பது எங்கள் அச்சக வழக்கம். உங்களுடையதை மட்டும் மெல்லக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய இருக்கிறது. முதலாளிக்குச் சொல்லிப்போடாதேயுங்கோ.

பிளேன்ரீயை எப்படிக் குறைக்க? இஞ்சித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தால்தான் எனக்கு எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது. பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு வீடெல்லாம் தேடுகிற பழக்கமும் போகவில்லை. என் வீட்டுக்காரர் கிளறன்ஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

கொலைகாரன் யாரென்று எனக்காவது சொல்லக்கூடாதா? அந்த நகைக்கடைத் தட்டெழுத்துக்காரி மெற்றில்டாவை மட்டும் மாட்டிவிடாதேயுங்கோ, பாவம்.

தங்கை,
ஐறீன்


வெள்ளவத்தை
03.06.1997

என் ஐறீனுக்கு,

நான் வீட்டில்தான் இருக்கிறேன். முதலில் அதை வாசித்து ஆறுதலாக இரும்.

வியாழன் விடிய எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். உம் சொல்லைக் கேட்டுக் கொப்பியை எரித்தேனா? இல்லை. மேசையில் விரித்தபடி கிடந்தது. அதோடு என்னையும் கொண்டுபோனார்கள். பொலிஸில் இன்ஸ்பெக்டர் படத்தைக் காட்டினார். அவர் கேட்டதைத் தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவன் சொன்னான்: "இந்தப் பையை ஆர் வைக்கிறது?"

"கதையிலை வாற கொலைகாரன்" என்றேன்.

"ஆர் அந்தக் கொலைகாரன்?"

ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைசி அத்தியாயம் அச்சேறும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் ஐயா." பதினொரு வருடப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது! அதற்காகவே இரண்டு இரவு மரவாங்கில் குந்தியிருந்தேன். இனி வெளிச்சமே காணமாட்டேன் என்று நினைத்தேன்.

சனி மத்தியானம் கொப்பியைத் தாங்கள் வைத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நோனா வந்து கதைத்ததாகக் கொன்ஸ்டபிள் சொன்னான். உம்மைவிட வேறு யார்? நான் வெளியே வர நீர் போய்விட்டீர். என்ன சொல்லி என்னை மீட்டீர்? நன்றி என்ற சொல் எனக்குக் காணாது ஐறீன்.

பத்மா


கொட்டாஞ்சேனை
06.06.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களைக் கண்டால் அங்கேயே கதறிவிடுவேன் என்று கிளறன்ஸ் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோபிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை உங்கள் அத்தியாயம் அச்சகத்துக்கு வரவில்லை. நீங்கள் ஒருநாளும் பிந்தாத ஆள். உங்கள் கந்தோருக்குப் போன் எடுத்து விசயத்தை அறிந்தேன். சனி காலை பிஸ்கற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் போனோம். துறைமுகத்தில் வேலை செய்கிறவருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. தாள்களைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே கையெழுத்து, ஒரே கதை என்று காட்டினோம். இன்ஸ்பெக்டர் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மினீமருவா கவுத?" என்றார். கொலைகாரன் யாரென்று!

அச்சகக்காரிக்கே முடிவு தெரியாதென்றால் எல்லாம் பொய் என்றுதானே நினைப்பார்? "நகைக்கடை முதலாளியின் மருமகன் சிவபாலன்" என்று அடித்துச் சொன்னேன். அதை வாக்குமூலத்தில் எழுதி, என்னிடம் கையொப்பமும் வாங்கினார்.

இப்போது சிக்கல் இதுதான். அந்தக் கொன்ஸ்டபிள் வெள்ளிக்கு வெள்ளி பத்திரிகை வாங்கி வாசித்து, முடிவை இன்ஸ்பெக்டருக்குச் சொல்லவேண்டுமாம். சிவபாலன் இல்லையென்றால் நான் பொய்ச்சாட்சி. உங்களையும் திரும்பப் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது: கொலை நடந்த அன்று சிவபாலன் கண்டியில் அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் செய்து படுத்திருக்கிறானே! நானே புரூஃப் பார்த்த அத்தியாயம். என் தலையில் இடி விழ! எப்படியாவது அவனை எழுப்பி மருதானைக்குக் கொண்டுவாருங்கள் அக்கா.

ஐறீன்


வெள்ளவத்தை
07.07.1997

அன்பின் ஐறீனுக்கு,

கடைசி அத்தியாயம் இத்துடன் வருகிறது. முதல் கிழமை பேனையைத் தொடவே பயம். ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் தாளை ஒளிப்பேன். பிறகு உம் கையொப்பத்தை நினைத்தேன், எழுதினேன்.

நாகேந்திரம் சிவபாலனிடம், "தம்பி, போட்டிருக்கிற சேட்டை ஒருக்கா உயர்த்தும்" என்கிறார். வயிற்றில் தழும்பே இல்லை! கண்டியில் அவன் பெயரில் படுத்திருந்தது கூட்டாளி. முந்தி எழுதிய ஒரு வரியும் கெடவில்லை, நீரே சரிபார்த்துக்கொள்ளும். உம் வாக்குமூலம் இப்போது சத்தியம்.

ஒன்றை ஒளிக்க மனம் வரவில்லை. நான் முதலில் நினைத்திருந்த கொலைகாரி மெற்றில்டா. எல்லாவற்றையும் வாசிக்கிறவள், ஒருவர் கண்ணிலும் படாதவள். அவளுக்கு உம்முடைய கடிதங்களிலிருந்துதான் உயிர் எடுத்தேன்: கொண்டையில் பென்சில், கையில் இஞ்சிப் பிளேன்ரீ. என்னை மீட்ட ஆளையா நான் நஞ்சு வைக்க விட்டிருந்தேன் என்று நினைக்க வெட்கத்தில் கூனிப்போகிறேன். என்னை மன்னிப்பீரா?

பத்மா


கொட்டாஞ்சேனை
21.07.1997

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை முடிவு வெளிவந்தது. கொன்ஸ்டபிள் உங்கள் கொப்பியை அச்சகத்திலேயே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். இன்ஸ்பெக்டருக்குக் கடைசிவரை மெற்றில்டா மேலேதான் சந்தேகமாம்!

மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. அவள் நான்தான் என்று ஆறாம் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரியும். அவள் பென்சிலைத் தேடுகிற இடத்தைப் புரூஃப் பார்க்கும்போது என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அரிச்சந்திரன் மாதிரி உண்மையைச் சொல்வதென்றால், நான் ஊகித்தபடி பொலிஸில் சொல்லவேண்டியிருந்தது மெற்றில்டாவின் பெயரைத்தான். பெற்ற பிள்ளை இல்லாத எனக்கு, அச்சில் இருக்கிற ஒரே சாயல் அவள். அவளைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை அக்கா. அதனால்தான் அகப்பட்ட சிவபாலனைப் பிடித்துக் கொடுத்தேன். அவளை எழுதியதற்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாருங்கள். மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, மாதா கோயிலடியில் இறங்குங்கள். அங்கே நிற்பேன். என் அடையாளம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றித் தருவேன், பயப்படாமல் குடிக்கலாம்.

உங்கள்,
ஐறீன்