அப்பா கட்டிய பட்லர் வேஷம்

வியாசர்பாடி
19.1.2003

அன்பு மகன் பீம்ராவுக்கு அம்மா கெங்கம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், மஸ்கட்டில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று நினைத்தபடியே எழுதுகிறேன். ரிட்டையர் ஆனதிலிருந்து அப்பா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று எழுதி உன்னைக் கலங்க வைத்தேனே, இப்போது நல்ல சேதி. பொங்கலுக்கு நம் பிளாக்கில் இரண்டு நாளும் ஒரே நாடகம். முகமூடி போட்டு ரவுடிகளை அடிக்கிற ஒரு பணக்கார வீரன், அவனைச் சின்னதிலிருந்து வளர்த்த பட்லர், அதுதான் கதை. அப்பாவை நான்தான் இழுத்துப் போனேன். முதல் நாள் பட்லர் நம் ரேஷன் கடை ரகுபதி. கூன் முதுகு, தோளில் துண்டு, வாய்க்கு வாய் எஜமான், கையில் தட்டு நடுங்க நடுங்க வந்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அப்பா மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டார். முப்பத்திரண்டு வருஷம் துறைமுக ஆபீசர் பங்களாவில் பட்லராக இருந்த மனுஷன் இல்லையா. மறுநாள் காலையில் தானே சட்டை மாட்டிக்கொண்டு ரகுபதி வீட்டுக்குப் போய், தட்டு பிடிப்பது அப்படியில்லை என்று காட்டியிருக்கிறார். ரகுபதி கோபித்துக்கொள்ளவில்லை, இன்னிக்கி வேஷத்த நீயே கட்டு என்று தன் பட்லர் கோட்டைக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா மேடையில் நிமிர்ந்து வந்தார், தட்டில் டம்ளர் அசையவில்லை. அடிபட்டு வந்த வீரன் மறுபடி சண்டைக்குக் கிளம்பும்போது, உத்தரவு எஜமான் என்று ரகுபதி குனிந்த இடம் அது. அப்பா குனியவில்லை. அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, "ஊருக்கு நீ யாரா வேணா இரு நைனா. எனுக்கு நீ துன்னாம கீற புள்ள. துன்னுட்டு அப்பால போ" என்றார். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது. முதலில் கை தட்டியவர் ரகுபதி. யார் கட்டிய பட்லர் நல்லாயிருந்தது என்று குழாயடியில் இன்னும் சண்டை நடக்கிறது. பிள்ளைகளுக்கு ரகுபதி, பக்கத்து வீட்டு ஜெரினாவுக்கு அப்பா. சிரிப்புக்கு ரகுபதிதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன், ஆனால் நான் அழுதது அப்பாவைப் பார்த்துத்தான்.

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். கோட்டை மடித்துக்கொண்டே, "ஆபீசர் வூட்டுப் புள்ளைக்கி தெனம் சொன்னதுதான். நம்ம புள்ளைக்கி ஒரு நாளும் சொல்லல" என்றார்.

எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்கு நிற்காதே. வருகிற வெள்ளிக்கிழமை அப்பா பூத்திலிருந்து போன் போடுவார். எப்போதும் போல, அம்மாகிட்ட குடு என்று கேட்டுவிடாதே. அவரோடு பேசு.

உன் அன்பு அம்மா
நீ. கெங்கம்மா