மூலையில் அடக்கமாக இருந்தது

1931 மார்ச் 3, செவ்வாய்
செனாய்

காலையில் மழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது.

ரப்பர் விலை விழுந்ததில் எங்கள் தோட்டத்துத் துரையையும் சீமைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்களாம். துரைசானி, தான் கூண்டு நிறைய வளர்த்த சீமைப் பெருச்சாளிகளைக் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். பேர்தான் பெருச்சாளி. வால் கிடையாது, குட்டி முயல் மாதிரிப் புல் தின்னும். என் மகள் ராஜம்மாவுக்கு நேற்றிலிருந்து வேறு பேச்சே இல்லை.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது இவர் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளை.

"மத்ததெல்லாம் கத்திக்கிட்டு ஓடுச்சுங்க. இது மட்டும் மூலையில அடக்கமா உக்காந்திருந்துச்சு. கையில எடுத்தா நிமிர்ந்துகூடப் பாக்கல" என்றார், பெருமையாக.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயும் இதையேதான் சொன்னாராம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

மார்ச் 7

செத்துவிட்டது. மூக்கு ஒழுகி, புல்லைத் தொடாமல், இங்கேயும் ஒரு மூலையில் உட்கார்ந்தே போய்விட்டது. ராஜம்மாவுக்கு அழுது அழுது குரலே போய்விட்டது. இவருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. "இன்னொண்ணு கொண்டாறேன். அதுவும் போச்சுன்னா இனி இந்த வீட்டுல கோழிகூடக் கிடையாது" என்றார்.

"இந்தத் தடவ நான் பாத்து எடுக்கறேண்ணே" என்றாள் தனம்.

தனலெட்சுமி இவருடைய தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் சிரித்தால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்துகொள்ளும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் "பொண்ணு சத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டன. இந்த மாதமே மூன்றாவதாக ஒரு குடும்பம் பெண் பார்க்க வருகிறது. தங்காக் டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பையன். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று இவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

மார்ச் 9

தனம் பார்த்துப் பார்த்து எடுத்ததை எழுதிவைக்காமல் தூங்க முடியாது.

துரை பங்களாவுக்கு மூன்று பேரும் போனோம். போனதும் அவள் கூண்டுக்குள் கை விடவில்லை. சும்மா நின்றாள். பிறகு கூண்டை ஒரு தட்டுத் தட்டினாள். எவை எவை சிதறி ஓடின என்று பார்த்துக்கொண்டாள். பசும்புல்லை நீட்டினாள், முதலில் ஓடிவந்து பறித்ததைத் தூக்கினாள். அது போட்ட கூச்சலில் துரைசானி எட்டிப் பார்த்தார். இவள் விடுவாளா? கண்ணில் பீளை இருக்கிறதா, மூக்கு காய்ந்திருக்கிறதா, பல் நேராக இருக்கிறதா, பின்பக்கம் சுத்தமா, எல்லாம் பார்த்தாள். மயிரை எதிர்ப்பக்கம் தள்ளிப் பேன் தேடினாள். கடைசியில் காதோடு வைத்து மூச்சைக் கேட்டாள். சந்தையில் கோழி வாங்கும்போதும் இப்படித்தான், கோழிக்காரனுக்கே அலுத்துப்போகும். ஆனால் இன்றைக்குப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

இவர்தான் மலாய்க்காரர் மாதிரித் தலையில் கை வைத்து முணுமுணுத்தார். "அலமாக், இது ஊரையே கூட்டுது. அந்த மூலையில இருக்கே, அது எப்படி?"

"கத்துறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும்ண்ணே. ஒதுங்கி உக்காந்திருக்கு பாருங்க, அதுக்குத்தான் சீக்கு."

ஒற்றையாக விட்டால் ஏங்கிப்போகும் என்று இரண்டாகக் கொண்டுவந்தாள். இரண்டும் பொட்டை, அதையும் பார்த்துத்தான் எடுத்தாள்.

மார்ச் 15

இரண்டும் தின்கின்றன. வெள்ளரிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டாலே கத்துகின்றன. தின்கின்றன.

மார்ச் 21

நாளைக்குத் தங்காக்கிலிருந்து வருகிறார்கள். இவர் தங்கையை உட்காரவைத்துச் சொன்னார்: "தலைய நிமிராத. சிரிக்காத. கேட்டா மட்டும் மெதுவா பேசு."

தனம் சரி என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு இதில் இஷ்டமா என்று யாராவது கேட்டோமா? நானும்தான் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார்கள். தனம் பச்சைப் புடவையில் மூலையில் உட்கார்ந்தாள். நிமிரவே இல்லை. பையனின் அம்மா என்ன கேட்டாலும் உதடு மட்டும் அசைந்தது. நான் உள்ளே போய் வெள்ளரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். கத்தி பலகையில் பட்டதுதான் தாமதம், இரண்டும் வீடு அதிரக் கத்தின.

"என்னா சத்தம் அது?" என்று அந்த அம்மா திடுக்கிட்டுக் கேட்டார். ராஜம்மா ஓடிப்போய் ஒன்றைத் தூக்கிவந்து அவர் மடியிலேயே வைத்துவிட்டாள். "அத்தைதான் பாத்து எடுத்தாங்க. அப்பா எடுத்தது செத்துப்போச்சு."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மாப்பிள்ளைப் பையன் காளியப்பன் முதல்முறையாக வாய் திறந்தார். "எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

தனம் நிமிர்ந்தாள். அவ்வளவுதான், அண்ணன் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. கண், மூக்கு, பல், மூச்சு, எல்லாம் சொன்னாள். கையால் காட்டிச் சொன்னாள். "மூலையில சத்தமே இல்லாம உக்காந்திருந்தா அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம்" என்று சொல்லி, பழைய சிரிப்பைச் சிரித்தாள்.

அந்த அம்மா மடியில் இருந்ததை ராஜம்மாவிடம் கொடுத்தார். பிறகு இவரிடம் திரும்பினார். "அப்ப இந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் ஏன் தம்பி அப்படி உக்காந்திருந்துச்சு? நான் சீக்குன்னுல்ல நினைச்சேன்."

இவர் அவசரமாகக் கேசரித் தட்டை எடுத்து நீட்டினார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 24

சம்மதம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். இவர் பதில் சொல்லி அனுப்பாமல் ஆளை உட்காரவைத்துவிட்டு, அடுப்படிக்கு வந்து தங்கையிடம் கேட்டார்: "உனக்குப் பிடிச்சிருக்கா?"

"கேசரி ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருண்ணே. கண்ணும் தெளிவா இருக்கு" என்றாள். வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். தனத்திடம் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஜூன் 14

கல்யாணம் முடிந்து தனம் தங்காக் போய் ஒரு வாரம் ஆகிறது. மழை இல்லை. ராஜம்மா பக்கத்து வீட்டில் விளையாடப் போய்விட்டாள். தனத்தின் சிரிப்பு இல்லாமல் வீட்டில் சத்தமே இல்லை.

மத்தியானம் அடுப்படியில் கத்திச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இவர் தரையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கூண்டில் இரண்டும் கத்திக்கொண்டிருந்தன. எல்லாம் நறுக்கி முடித்த பிறகும் வெறும் பலகையில் கத்தியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் திரும்பி வந்துவிட்டேன்.