பீப்பாய்க்குள் ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது?

போன வாரம் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அதை நான் படிக்கவில்லை. பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணுக்கடியில் போகும் குழாய்க்குள் கதிரியக்கத் திரவம் கொஞ்சம் விட்டு, மேலே கதிர் அளக்கும் கருவியோடு நடந்து ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலை. அன்று ஒரு சொட்டு என் கோட்டுப் பையில் தெறித்துவிட்டது. கடிதம் உள்ளே இருந்தது. மேற்பார்வையாளர் கோட்டோடு சேர்த்து அதையும் பீப்பாயில் போட்டு மூடிவிட்டார்.

"கடுதாசிதானே? எண்பது நாள்ல கதிர் அடங்கிடும், எடுத்துக்க. எங்கயும் ஓடிடாது" என்றார்.

தினமும் பீப்பாய் மேல் கருவியை வைத்துப் பார்க்கிறேன். எட்டு நாள் ஆகியும் எண் பாதிக்குத்தான் இறங்கியிருக்கிறது.

கைக்கு வந்ததுமே பிரித்திருக்கலாம். எப்போதும் முகவரி எழுதுவது நீதான். இந்த முறை தங்கச்சி எழுதியிருந்தாள். பிரிக்கக் கை வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்தேன்.

இங்கே குளிர் தாங்கவில்லை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பார்சலைத் தங்கச்சி கட்டட்டும். முகவரியை மட்டும் நீயே எழுது, அம்மா. எழுத்து கோணினாலும் பரவாயில்லை.